கடைமடைக்காரரின் கூப்பன்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் அப்பா பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள், அவளுக்கும் இதில் பாதிதான் தெரியும்.

பாப்பா, போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நீ ஒன்று சொன்னாய். கூடப் படிக்கிற பெண் ஒருத்தி, ஊருக்குப் புதிதாக வந்தவள், இரண்டு நாளைக்கு உன் பஸ் கார்டைக் கேட்டாளாம். நீ கொடுக்கவில்லையாம். “என் போட்டோ போட்ட கார்டுப்பா. இன்னொருத்தருக்குக் குடுத்தா தப்பு” என்றாய். நானும் “சரிதான்மா” என்றேன். சட்டப்படி நீ சொன்னது சரி. ஆனால் போனை வைத்த பிறகு, அதைச் சரி என்று சொல்ல நான் யார் என்று தோன்றிவிட்டது. அறுப்புக்காக நன்னிலம் வந்தவன், மெஷின் வரும் வரைக்கும் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் மாட்ரிட்டில் பஸ்ஸில் ஏறும்போது கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போகிறீர்கள். நான் போன காலத்தில் அப்படி இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதில் ஒரு பக்கம் நம் போட்டோ ஒட்டிய அட்டை, அட்டையில் ஒரு நீள நம்பர். மறுபக்கம் மாதா மாதம் வாங்கிச் செருகவேண்டிய கூப்பன். விரல் நீளம்தான் இருக்கும். கூப்பனில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருப்பான். அதில் நம் அட்டையில் உள்ள நம்பரை நாமே பேனாவால் எழுதிக்கொள்ளவேண்டும். எழுதினால்தான் அந்த மாதக் கூப்பன் நம்முடையது.

அவர் எழுதமாட்டார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெயரை எழுத எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எனக்கு அவர் அண்ணன். அறையில் இருந்த பட்டுக்கோட்டைக்காரருக்கு ‘கடைமடை’. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் அவருடையது. சில வருஷம் வந்து சேரும், பல வருஷம் வராது. குத்தகைக்கு நாலு மா நிலம் பார்த்துக்கொண்டிருந்தவர். தொடர்ந்து மூன்று வருஷம் கருகியதைப் பார்த்துவிட்டு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு ஸ்பெயினுக்கு வந்தார். எனக்கு மூன்று மாதம் முந்தி வந்தவர். ஆனால் நான் போய் இறங்கும்போது எந்த பஸ் எந்தத் தெருவில் திரும்பும் என்பது அவருக்கு அத்துப்படி. ஸ்பானிஷ் பத்து வார்த்தைதான் தெரியும். அதில் ஆறு வார்த்தை பஸ்ஸைப் பற்றியது.

ஒல்லியான ஆள். சட்டையைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருப்பார். குளிருக்குக் கட்டுகிற மப்ளரை நம் ஊர்த் துண்டு மாதிரி ஒரு தோளில்தான் போடுவார். “கழுத்துல சுத்துங்கண்ணே, அதுக்குத்தான் அது” என்றால், “கழுத்துல சுத்துனா மூச்சு முட்டுதுப்பா” என்பார்.

பஸ்ஸில் அவர் முதலில் ஏறி நான் பார்த்ததில்லை. ஸ்டாப்பில் அவர் ஒருவர்தான் இருபது நிமிஷமாக நின்றுகொண்டிருப்பார். பஸ் வந்ததும் ஓடி வருகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கைத்தடி ஊன்றிய கிழவர்கள், எல்லாருக்கும் கையைக் காட்டி ஒதுங்கி நிற்பார். சில நாள் அவர் ஏறுவதற்குள் கதவு மூடிவிடும். மூடின கதவுக்கும் ஒரு தலையசைப்பு. அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்.

“ஏன்யா கடைமடை, பஸ்ஸு என்ன மேட்டூர் தண்ணியா? நீ ஏறுனா அடுத்தவனுக்கு இல்லாமப் போயிடுமா?” என்று பட்டுக்கோட்டைக்காரர் கேட்பார்.

“கடைசியா ஏறிப் பழகிட்டேன். முன்னாடி ஏறுனா எங்க நிக்கிறதுன்னு தெரிய மாட்டேங்குது” என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார். வேதக்காரர்தான், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அங்கேயும் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம். சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்க எல்லாரும் போய் வந்த பிறகு கடைசியாகப் போவார். ஒருநாள் சாமியார் பாத்திரத்தை மூடிவிட்டாராம். திரும்பி வந்துவிட்டேன் என்று அதையும் ஒரு சாதாரணச் சேதியாகச் சொன்னார்.

அறையில் நாங்கள் ஐந்து பேர். எனக்கு வேலை கிடைக்காத நாலு மாதத்தைப் பற்றி உங்களிடம் நான் அதிகம் சொன்னதில்லை. வேலை தேட பஸ் வேண்டும், பஸ்ஸுக்கு வேலை வேண்டும். நான் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், காலையில் நான் சும்மா படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு தன் கூப்பனை எடுத்து என் பாய்மேல் வைத்தார்.

“போய்ட்டு வா.”

“நீங்க வேலைக்கு எப்படிண்ணே போவீங்க?”

“நடந்து.”

அவர் பாத்திரம் கழுவின சாப்பாட்டுக்கடை, நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். அப்படித்தான் போனார். கூப்பன் வாங்கியது அவர், பஸ்ஸில் போனது நான். எனக்கு முன்னால் இன்னொருத்தர் போயிருந்தார், எனக்குப் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். மழை கொட்டினால்தான் அவர் கேட்பார், “இன்னிக்கு நான் எடுத்துக்கட்டுமா?” என்று. தன்னுடையதைத்தான் அப்படிக் கேட்பார்.

இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், வாய்க்காலில் இருந்து. நம் ஊர்ப் பக்கம் தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று மடை திறப்பது. உன் முறை வரும்போது உன் வயலில் ஈரம் இருந்து, பக்கத்து வயல் வெடித்துக் கிடந்தால், அந்த முறையை அவனுக்கு விட்டுக் கொடுப்பது உண்டு. எல்லாரும் கொடுப்பார்கள் என்று சொல்லமாட்டேன். வரப்பில் மண்வெட்டியோடு நின்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு. இவர் கொடுக்கிற ஆள். கூப்பனையும் அப்படித்தான் நினைத்தார். “எனக்கு ரெண்டு காலு இருக்கு. இது பையில சும்மாக் கெடக்குது. சும்மாக் கெடக்குற தண்ணிய வடியவா விடுறது?” என்று கேட்டார்.

ஆனால் கட்டத்தில் நம்பர் எழுதவேண்டுமே. செக்கர் ஏறினால் அட்டை நம்பரும் கூப்பன் நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். போட்டோ அட்டை எங்கள் ஒவ்வொருவரிடமும் இருந்தது. கூப்பன்தான் ஒன்று. அதைக் கையில் எடுக்கிறவன் தன் நம்பரைப் பென்சிலால் எழுதிக்கொள்ளவேண்டும். திருப்பி வைக்கும்போது ரப்பரால் அழித்துவிட வேண்டும். ஜன்னல் கட்டையில் ஒரு துண்டுப் பென்சிலும் ஒரு ரப்பரும் எப்போதும் இருக்கும். அறையில் எது தொலைந்தாலும் அவை தொலையாது.

ஒருநாள் நான் போன பஸ்ஸில் செக்கர் ஏறிவிட்டான். கூப்பனைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான். பென்சில் எழுத்தைக் கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்தான். பாதி அழிந்தது. என்னைப் பார்த்தான். பேனா எழுதுவது போலக் காற்றில் காட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“அழுத்தி எழுதுப்பா” என்றார் அண்ணன். “தேய்ச்சா போவாத மாதிரி அழுத்தி எழுது.”

அன்றிலிருந்து அழுத்தி எழுதினேன். இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள்.

நாலாவது மாதம் முடியும்போது எனக்கு ஒரு பழக்கிடங்கில் வேலை கிடைத்தது. முதல் வேலையாக எனக்கென்று கூப்பன் வாங்கினேன். வாங்கிய கவுண்டரிலேயே நின்று, அந்த அம்மாவிடம் பேனா கேட்டு, கட்டத்தில் என் நம்பரை எழுதினேன். யாரும் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தேனா என்று இப்போது கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும்.

இனி பேப்பர் விஷயம். மூன்று வருஷம் தொடர்ந்து அந்த நாட்டிலேயே இருந்தேன் என்று சாட்சியோடு காட்டி, வேலை கொடுக்கிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைக்கும். அதற்குத்தான் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். மூன்று வருஷத்துக்குச் சாட்சி எது? முனிசிபாலிட்டியில் பெயர் பதிந்த சீட்டு. எங்கள் வீட்டுக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் வேலை கிடைத்ததும் வேறு வீட்டுக்குப் போய்ப் பதிந்துகொண்டேன். அவர் போகவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அறையில் ஒரு ஆள் வேண்டும் என்று இருந்துவிட்டார். அவருக்கு இருந்த சாட்சி மாதா மாதம் வாங்கிய கூப்பன்தான். மூன்று வருஷக் கூப்பனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் மாதவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

அவருக்குப் பேப்பர் எதற்கு வேண்டும் என்று அறையில் எல்லாருக்கும் தெரியும். அவர் சம்சாரத்துக்குக் கிட்னி கெட்டுவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் திருவாரூருக்கு பஸ் ஏறிப் போய் ரத்தம் சுத்தம் செய்து வரவேண்டும். அந்தச் செலவு இவர் அனுப்புவதில்தான் ஓடியது. பேப்பர் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது. திரும்பாவிட்டால் வைத்தியம் நின்றுபோகும். பேப்பர் வந்தால் ஒரு மாதம் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். அவ்வளவுதான். அவர் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

போனில் அந்த அம்மாவிடம் பேசும்போதும் பஸ்ஸைப் பற்றித்தான் கேட்பார். “இன்னிக்கு உக்கார எடம் கெடச்சுதா? முன்பக்கம் கேளு, பொம்பளை சீட்ட குடுப்பாங்க... அட நின்னுக்கிட்டே வந்தியா. யாரும் எந்திரிக்கலியா?”

மூன்று வருஷம் முடிந்தது. மாதா கோயிலில் இலவசமாக மனு எழுதிக் கொடுக்கும் ஒரு வக்கீலம்மா, கூப்பனை எல்லாம் பார்த்துவிட்டுக் கட்டங்கள் ஏன் காலியாக இருக்கின்றன என்று கேட்டிருக்கிறார். நம்பர் இல்லாத கூப்பன் யாருடையதோ என்று சொல்லிவிடுவார்கள், எழுதுங்கள் என்றிருக்கிறார். அண்ணன் என்னைத் தேடி வந்தார். என் பேனாவை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, முப்பத்தாறு கூப்பனிலும் தன் நம்பரை எழுதினார். ரப்பர் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சுபோலக் கிளம்பியிருந்த கட்டத்தில் மை பரவியது. அவர் ஊதி ஊதிக் காயவைத்தார். நானும் கூட உட்கார்ந்து ஊதினேன்.

ஆபீசுக்குத் துணைக்கு நான்தான் போனேன். அன்றைக்கும் பஸ்ஸில் கடைசியாகத்தான் ஏறினார். டோக்கன் எடுத்து உட்கார்ந்த பிறகும், அழுகிற குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்குத் தன் டோக்கனைக் கொடுக்க எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் வயசான அம்மாள், கண்ணாடி போட்டவர். கெட்டவர் இல்லை. பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று நாலு கூப்பன் போன பிறகு கை நின்றது. ஒன்றை எடுத்து மேஜை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். இன்னொன்றையும் அப்படியே பார்த்தார். பிறகு அதில் தெரிந்ததை வாய்விட்டுப் படித்தார்.

எனக்கு அப்போது ஸ்பானிஷ் எண்கள் நன்றாகத் தெரியும். பஸ் நம்பரைக் கேட்டுக் கேட்டுப் பழகியது. அந்த அம்மாள் படித்தது, பேனா மைக்குக் கீழே பள்ளமாகப் பதிந்திருந்த நம்பர். நாலு, ஏழு, ஏழு என்று முடிந்தது.

அது என் நம்பர். அந்த அட்டை அந்த நிமிஷம் என் சட்டைப் பையில் இருந்தது.

இந்த நம்பர் யாருடையது என்று கேட்டார். வேறு கூப்பன்களில் வேறு வேறு நம்பர் தெரிகிறதே, அவர்கள் எல்லாம் யார், மற்றவர்கள் தூக்கிப்போட்ட கூப்பனைப் பொறுக்கி உங்கள் நம்பரை எழுதிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். நான் அதை அண்ணனுக்குத் தமிழில் சொல்லவேண்டும். சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அந்த அம்மாளின் கண்ணும் கூடத் திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேராகப் பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் இரண்டைச் சொன்னார்.

“நோ சே.”

தெரியாது என்று அர்த்தம்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஒரு பஸ் வந்து போனது, அடுத்ததும் போனது. அப்புறம், “பசிக்குதாப்பா?” என்று கேட்டார்.

நாலைந்து மாதம் கழித்து, மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. வக்கீலம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். இன்னும் ஒரு வழி இருக்கிறது. அந்த நம்பர்க்காரர்களில் இரண்டு மூன்று பேர் நேரில் வந்து, இந்தக் கூப்பன் இவருடையது, நாங்கள் இரவல் வாங்கிப் போனோம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் மேல்மனு போடலாம். பத்து நாள் இருக்கிறது.

“வர்றவங்களுக்கு ஏதும் வருமா?” என்று நான் கேட்டேன்.

வக்கீலம்மா மழுப்பவில்லை. அபராதம் வரலாம். பேப்பருக்கு மனுப் போட இருக்கிறவர்கள் என்றால் அந்த மனுவிலும் ஒரு கறை விழலாம், விழாமலும் போகலாம் என்றார்.

அந்த நம்பர்க்காரர்களில் ஒருவர் இத்தாலிக்குப் போய்விட்டார். மற்றவர்கள் போனை எடுக்கவில்லை. பட்டுக்கோட்டைக்காரர் எடுத்தார். “யோவ், எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்கய்யா” என்றவர், பிறகு “என்னைய மன்னிச்சிரச் சொல்லு” என்றார். கேலி பேசும் மனுஷன் போனில் மூக்கை உறிஞ்சினது எனக்குக் கேட்டது. மீதி இருந்தது நான்.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, அண்ணன் வேலை முடிந்து நடந்து வரும் வழியில் போய் நின்றேன். பாலத்துக்குப் பக்கத்தில் பார்த்தேன்.

“நான் வேணா வந்து எழுதிக் குடுக்கட்டுமாண்ணே?” என்று கேட்டேன்.

பாப்பா, தம்பி, வேண்டாம் என்று சொல்லவேண்டுமே என்று நினைத்துக்கொண்டேதான் அதைக் கேட்டேன். கேட்ட விதத்திலேயே அது அவருக்குத் தெரிந்திருக்கும். மப்ளரை எடுத்து மறு தோளில் போட்டார்.

“ஒனக்கு எப்ப முறை?”

“இன்னும் ரெண்டு மாசம்ண்ணே.”

“புள்ளைங்கள எப்ப அழைச்சிக்கிறதா இருக்கே?”

“பேப்பர் வந்ததும்.”

“அப்ப நீ பாய்ச்சிக்க” என்றார். “எனக்கு ஈரம் இருக்கு.”

ஈரம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் அவர் சம்சாரத்துக்கு வாரம் இரண்டு போதாது, மூன்றாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே “சரிண்ணே” என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அறை வரைக்கும் நடந்தோம். என் கூப்பன் என் பையில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மனுப் போட்டேன், எனக்குப் பேப்பர் வந்தது. அடுத்த வருஷம் நீங்கள் வந்தீர்கள். விமானத்தில் இருந்து இறங்கி, பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு உனக்கு என்று இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள்.

அவர் மறுபடி முதல் மாதத்தில் இருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை எழுதுங்கள் என்று எல்லாரும் சொன்னோம். பேனாவால் எழுதினார். ஆறேழு மாதம் எழுதினார். அப்புறம் புதிதாக இரண்டு பேர் அறைக்கு வந்தார்கள். நான் ஒருநாள் போனபோது ஜன்னல் கட்டையில் பென்சில் இருந்தது. ரப்பரும் இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். “காஞ்சு கெடக்குறானுவளே” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல்தான் வந்தது. ஒரு மனுஷனால் இதைக்கூடத் திருத்திக்கொள்ள முடியாதா என்று. ஆனால் என் வாயில் இருந்து அது வரலாமா? டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த தை பிறந்த வாரம் அந்த அம்மா போய்விட்டார். திருவாரூரில் இருந்து திரும்பும் வழியில், பஸ்ஸிலேயே. உட்கார்ந்துதான் இருந்தாராம். அதை அவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். “எடம் குடுத்திருக்காங்க தம்பி. உக்காந்துதான் இருந்திருக்கா.”

அதற்குப் பிறகு கூப்பன் வாங்குவதை நிறுத்தினார். நாலைந்து மாதம் எங்கேயும் நடந்தே போனார். பிறகு ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று வந்து நின்றார். திரும்ப வரமுடியாதே என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று அந்த பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார். ஆபீசில் திருப்பிக் கொடுத்த பழைய முப்பத்தாறு கூப்பன். “அங்க கொண்டுக்கிட்டுப் போயி என்னா பண்ண? நீ வச்சிக்க” என்றார். என்மேல் எதையும் மனசில் வைத்துக்கொண்டு அவர் அதைக் கொடுக்கவில்லை என்று நான் நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், பாட்டி காரியத்துக்கு நான் தனியாக வந்தேனே, அப்போது திருத்துறைப்பூண்டியில் இறங்கி மினி பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். குத்தகை நிலம் கைமாறிவிட்டது. மகள் வீட்டோடு இருந்தார். வாய்க்கால் ஓரம் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் இல்லை. நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. சொல்லவேண்டும் என்று மனசில் வார்த்தையெல்லாம் அடுக்கிக்கொண்டுதான் போயிருந்தேன்.

“அந்த எழுவதாம் நம்பர் பஸ்ஸு இன்னும் அந்த ரவுண்டானா சுத்தித்தான் போவுதா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே.”

“புள்ளைங்களுக்குத் தனித்தனியா கார்டு இருக்குல்ல?”

“இருக்குண்ணே. இப்ப நம்பர் எழுத வேண்டியதே இல்ல. அவனே அச்சடிச்சுக் குடுத்துடுறான்.”

“அது நல்லது” என்றார். “எழுதுற வேலையே இல்லன்னா நல்லதுதான்.”

நான் அடுக்கி வைத்திருந்ததை எடுப்பதற்குள் மினி பஸ் வந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற நாலைந்து பெண்கள் கூடையோடு நின்றார்கள். அவர் வழக்கம்போல அவர்களுக்குக் கையைக் காட்டினார், பிறகு எனக்கும் கையைக் காட்டினார். நான் ஏறினேன். ஏறவேண்டியவன் நான்தானே. பஸ் திரும்பும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

போன ஐப்பசியில் அவர் இறந்துவிட்டார். இந்தத் தடவை நான் இங்கே வந்த பிறகுதான் தெரியும். கல்லறைக்குப் போய்வந்தேன். மண் இன்னும் இறுகவில்லை. அவரிடமே கொடுக்கலாம் என்று மாட்ரிட்டில் இருந்து கொண்டுவந்திருந்த அந்தப் பையை, மகளிடம் கொடுக்கக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அந்தப் பெண், “அப்பா உங்கள ரொம்ப நல்லாச் சொல்லுவாங்க” என்றது. பையைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

பாப்பா, கார்டை அந்தப் பெண்ணிடம் கொடு என்று நான் சொல்லவில்லை. கொடுக்காதே என்றும் இனி சொல்லமாட்டேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. பையைப் பிரித்து, நான் போன அந்த நாலு மாதக் கூப்பனைத் தேடி எடுத்தேன். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் இன்னமும் தெரிகிறது, அவர் மைக்குக் கீழே என் பள்ளம். முன்பக்கம் எழுத இடம் இல்லை. திருப்பி, பின்பக்கம் என் நம்பரை எழுதினேன். அதற்குக் கீழே, “கூப்பன் இவருடையது, நான் இரவல் வாங்கிப் போனேன்” என்று பொடி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பின்பக்கம் பஸ் மெஷின் படிக்கிற கறுப்புப் பட்டை. மை பிடிக்காமல் வழுக்கியது. அவர் சொன்ன மாதிரி அழுத்தி எழுதினேன். நாலையும் எழுதி முடித்து, ஈரம் காயும் வரைக்கும் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.